பழைய சுவர் மூச்சு விடட்டும்

பழைய பல்கலைக்கழகக் கட்டடத்தை இடிக்காமல் சீரமைப்பதே சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று அண்மையில் படித்த ஒரு கட்டுரை சொல்வது சரிதான். ஆனால் அந்தக் கட்டுரை சோலார் தகடு பொருத்துவது, எல்இடி விளக்கு மாட்டுவது என்பதோடு நின்றுவிட்டது, சுவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நான் படித்த துறைக் கட்டடம் சுண்ணாம்புச் சாந்தில் எழுப்பிய செங்கல் சுவர், அதன் மேல் சீரமைப்பு என்று சொல்லி சிமென்ட் பூசினார்கள். சுண்ணாம்பு ஈரத்தை வாங்கி மெல்ல வெளியே விட்டுவிடும், சிமென்ட் அவ்வளவு எளிதில் விடாது. உள்ளே மாட்டிக்கொண்ட ஈரம் அடுத்த மழைக்காலங்களில் வெள்ளை உப்பாகப் பூத்தது, பெயின்ட் கொப்பளித்தது, பூச்சு பெயர்ந்த இடத்தில் விரலால் சுரண்டினால் செங்கல் மாவு மாவாகக் கொட்டும். நூலக அறையில் புத்தக அலமாரியைச் சுவரை விட்டு ஒரு முழம் தள்ளிப் போட வேண்டி வந்தது. பார்க்கவே மனசு வலித்தது.

கார்பன் கணக்கிலும் இது நஷ்டம். உலகின் கார்பன் டை ஆக்சைடு வெளியேற்றத்தில் சுமார் 8 சதவீதம் சிமென்ட் தயாரிப்பால் வருகிறது. அதன் சூளைக்கு ஏறக்குறைய 1,450 டிகிரி செல்சியஸ் வேண்டும், சுண்ணாம்புக்கு 900 டிகிரி போதும். அப்புறம், சுண்ணாம்பு இறுகும்போது காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடைக் கொஞ்சம் திரும்ப உறிஞ்சிக்கொள்ளவும் செய்யும்.

இன்னொன்று, இந்தப் பழைய கட்டடங்களில் உயரமான கூரையும் எதிரெதிர் ஜன்னல்களும் காற்றோட்டத்துக்காகவே வைத்தவை. பொய்க்கூரை அடித்து ஏசி மாட்டுவதற்கு முன்னால், துருப்பிடித்து இறுகிக் கிடக்கும் அந்த ஜன்னல் கீல்களைச் சரிசெய்து திறந்து பாருங்கள்.