ஃபியூம் ஹூட்டில் காற்று வேகம் கூடினால் பாதுகாப்பும் கூடுமா?

"ஹூட் காற்றை எவ்வளவு வேகமாக இழுக்கிறதோ, அவ்வளவு பாதுகாப்பு" என்று வேதியியல் ஆய்வகங்களில் உலவும் பேச்சு தவறு. ஃபியூம் ஹூட் என்பது நச்சு ஆவியை உறிஞ்சி வெளியேற்றும், முன்பக்கம் கண்ணாடிக் கதவுள்ள வேலைப் பெட்டி.

திறப்பில் நொடிக்கு 0.4 முதல் 0.5 மீட்டர் வேகம் பெரும்பாலான ஹூட்களுக்குப் போதும். 0.75-ஐத் தாண்டினால் எதிரே நிற்பவரின் உடலை ஒட்டிச் சுழல் எழும்; உள்ளே உள்ள ஆவி மூக்கை நோக்கியே வரலாம்.

செலவையும் பாருங்கள். 1.5 மீட்டர் அகலம், 0.7 மீட்டர் உயரத் திறப்பு, 0.5 வேகம் என்றால் மணிக்கு 1,890 கன மீட்டர் காற்று வெளியேறும். அத்தனையும் காசு கொடுத்துக் குளிரூட்டிய காற்று. வேகத்தை 0.75 ஆக்கினால் காற்று ஒன்றரை மடங்கு. அதே குழாயில் விசிறியின் மின்சாரமோ ஏறக்குறைய 3.4 மடங்கு!

கண்ணாடிக் கதவை 0.45 மீட்டருக்கு இறக்கினால் 1,215 கன மீட்டர் போதும். ஆனால் காற்றளவு தானாக மாறும் அமைப்பில்தான் இந்த மிச்சம். மாறா அளவு ஹூட்டில் மேலுள்ள மாற்றுவழி திறந்து அதே காற்றை இழுக்கும். அங்கேயும் கதவை இறக்குங்கள், தெறிப்பைத் தடுக்கும்.

ஆவி கசிய உண்மையான காரணங்கள் வேறு: விளிம்பிலிருந்து 15 சென்டிமீட்டருக்குள் வைத்த குடுவை, காற்றை இழுக்கும் பின்சுவர்ப் பிளவை அடைத்த பெட்டிகள், ஹூட்டின் முகத்தில் வீசும் ஏசி. வேகமானியின் எண் மட்டும் சான்றாகாது. ஆஷ்ரே 110 என்ற ஹூட் சோதனைத் தர முறைப்படி புகையும், கசிவைக் கருவியால் அளக்க உதவும் தடங்காட்டி வாயுவும் விட்டுச் சோதிக்க வேண்டும்.