மூடி வைக்கத்தான் ஜன்னல் ஓரம் கேட்டீங்களா?

மூன்று நாளாகிவிட்டது, இன்னும் வயிறு எரிகிறது. வீட்டில் சொன்னால், “ஒரு மணி நேர ஃப்ளைட்டுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?” என்று கேட்டுவிட்டு மனைவி இட்லி ஊற்றப் போய்விடுகிறாள். சரி, உங்களிடமாவது கொட்டிவிடுகிறேன்.

சென்னையிலிருந்து கோயம்புத்தூர், காலை விமானம். டிக்கெட் போடும்போதே தனியாகக் காசு கட்டி வலப்பக்க ஜன்னல் சீட் வாங்கியிருந்தேன். வலப்பக்கம் என்பது கைபோன போக்கில் தொட்டதில்லை. சென்னையிலிருந்து மேற்கே வரும்போது வலப்பக்கம்தான் வடக்கு. சேலத்தை ஒட்டி வரும்போது தூரத்தில் மேட்டூர் அணை, அப்புறம் பவானிசாகர், அதற்குப் பின்னால் மதில் எழுப்பியதுபோல் நீலகிரி. காலை வெயில் பின்னாலிருந்து வந்து நேராக மலைமேல் விழும். ரங்கசாமி மலை, கோடநாடு முனை, கோத்தகிரிச் சரிவு என்று ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே வரலாம். நான் பிறந்து வளர்ந்தது குன்னூர். மலைமேல் குடியிருப்பவனுக்கு எதிர்ச் சரிவு தெரியும், பக்கத்து டீ எஸ்டேட் தெரியும், மலை தெரியாது. கீழே மேட்டுப்பாளையத்தில் நின்று அண்ணாந்தாலும் ஒரு பக்கம்தான் தெரியும். முழு மலையையும் ஒரே பார்வையில் நான் பார்ப்பது அந்த ஜன்னலில், அந்தப் பத்து நிமிடத்தில் மட்டும்தான். அதற்குத்தான் காசு.

போய்ப் பார்த்தால் என் இடத்தில் ஏழெட்டு வயதுப் பையன். பக்கத்தில் அவன் அம்மா.

“அண்ணா, பையன் ஜன்னல் ஓரம்தான் உட்காருவேன்னு ஒரே அடமுங்க. நீங்க இந்தக் கடைசில உட்காந்துக்கறீங்களா?”

கடைசி என்றால் நடைபாதை ஓரம். அந்த வயதில் நான் எப்படியெல்லாம் அடம் பிடித்திருப்பேன் என்று எனக்குத் தெரியும். “பரவால்லைங்க, உட்காரட்டும்” என்றேன். மரியாதைக்குச் சொல்லவில்லை, மனசாரச் சொன்னேன்.

விமானம் ஏறி, சீட் பெல்ட் விளக்கு அணைந்ததுதான் தாமதம். பையன் கையை நீட்டி ஜன்னல் மூடியைச் சர்ரென்று கீழே இழுத்தான். அம்மா மொபைலை எடுத்துக் கொடுத்தார். கார்ட்டூன். வெளிச்சம் பட்டால் படம் தெரியமாட்டேன் என்கிறதாம்.

கார்ட்டூன் பார்க்க நடு சீட் போதாதா? டாய்லெட்டை ஒட்டின சீட் போதாதா? வீட்டுச் சோபா போதாதா?

கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தேன். அப்புறம் எட்டி, “தம்பி, இப்போ பெரிய டேம் ஒண்ணு வரும், பார்க்கறியா?” என்று கேட்டேன். “வேண்டாம் அங்கிள்.” திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மேட்டூர் போச்சு. பவானிசாகர் போச்சு. மலையும் போச்சு.

பையன்மேல் எனக்குக் கோபமில்லை. கால் நீட்டுகிற சாக்கில் எழுந்து நின்று பார்த்தேன். எங்கள் வரிசைக்கு முன்னால் வலப்பக்கம் பன்னிரண்டு ஜன்னல். திறந்திருந்தவை இரண்டு. அதில் ஒன்றில் ஒருவர் தலையைச் சாய்த்து வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தார். இன்னொன்றில் இருந்தவர் லேப்டாப்பில் எக்செல் நிரப்பிக்கொண்டிருந்தார். வெளியே காவிரி ஓடுகிறதய்யா!

இதே ஜனங்கள் எங்கள் மலை ரயிலில் என்ன செய்கிறார்கள் தெரியுமா? 46 கிலோமீட்டர் ஏறுவதற்குக் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் எடுத்துக்கொள்கிற வண்டி அது. கல்லாறு தாண்டியதும் பல்சக்கரத்தைக் கடித்துக் கடித்து மாட்டுவண்டி வேகத்தில் போகும். அதில் ஜன்னல் ஓரத்துக்கு அடிதடி. கழுத்தை வெளியே நீட்டுகிறார்கள், கையை நீட்டுகிறார்கள், குரங்குக்கு பிஸ்கட் நீட்டுகிறார்கள். 16 சுரங்கத்துக்கும் தவறாமல் ஓவென்று கத்துகிறார்கள். அதே ஆட்களை முப்பதாயிரம் அடிக்குத் தூக்கிக்கொண்டு போய் பாதித் தமிழ்நாட்டை விரித்துக் காட்டினால் மூடியை இழுத்து விடுகிறார்கள். என்ன கணக்கு இது?

என் பித்து எங்கே தொடங்கியது என்று சொன்னால் இந்த எரிச்சல் கொஞ்சம் புரியும். 1992, முழுப் பரீட்சை லீவு, எனக்குப் பதினொரு வயது. மஸ்கட்டிலிருந்து வந்திருந்த சித்தப்பா மெட்ராஸ் வழியாகத் திரும்பினார். என்னையும் உடன் கூட்டிக்கொண்டார். என்னைத் திரும்ப அழைத்துவருவதற்காக அப்பா முந்தின ராத்திரியே நீலகிரி எக்ஸ்பிரஸில் கிளம்பிவிட்டார். பீளமேட்டில் இந்தியன் ஏர்லைன்ஸ் போயிங் 737-200 நின்றிருந்தது. அப்போதெல்லாம் பெட்டிகளை விமானத்துக்குப் பக்கத்திலேயே தரையில் வரிசையாக வைத்திருப்பார்கள். இது என்னுடையது என்று கைகாட்டினால்தான் ஏற்றுவார்கள். அந்தச் சாக்கில் விமானத்துக்கு அடியில் நின்று வாயைப் பிளக்கலாம். உள்ளே போனதும் ஒரு தட்டில் மிட்டாயும் காதுக்குப் பஞ்சும் நீட்டினார்கள். பர்லியாறு இறங்குகிற ஒவ்வொரு தடவையும் காது அடைத்துப் பழகின எங்களுக்குப் பஞ்சு எதற்கு? சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன், பள்ளிக்கூடத்தில் காட்ட.

சித்தப்பா எனக்கு ஜன்னலைக் கொடுத்தார். இறக்கைக்குச் சற்றுப் பின்னால் உள்ள வரிசை. மெட்ராஸில் இறங்கும்போது இறக்கையின் பின்பக்கம் ஓடு ஓடாகக் கழன்று கீழே வளைந்தது. அந்த இடுக்கு வழியாக மொட்டை மாடிகள் தெரிந்தன, காயப்போட்ட துணிகூடத் தெரிந்தது. சக்கரம் தரையில் பட்டதும் அந்தச் சுருட்டு மாதிரி நீண்ட இன்ஜினின் வால் இரண்டாகப் பிளந்து சிப்பிபோல் திறந்துகொண்டது. “சித்தப்பா, இன்ஜின் உடைஞ்சு போச்சு!” என்று நான் போட்ட கத்தலில் நாலு வரிசை திரும்பிப் பார்த்தது. பின்னால் பீய்ச்சுகிற காற்றை முன்பக்கமாகத் திருப்பி ஓட்டத்தைக் குறைக்கிற ஏற்பாடு அது என்று எனக்குத் தெரியவர இன்னும் சில வருடங்கள் ஆயின. ஆனால் கேள்வி அன்றைக்கே முளைத்துவிட்டது. மூடியிருந்தால் முளைத்திருக்குமா?

அப்புறம் எத்தனையோ பயணம். ஏடிஆர் 72இல் போயிருக்கிறீர்களா? சின்ன விமானம், விசிறி வைத்தது, இரைச்சல் அதிகம் என்று பலர் முகம் சுளிப்பார்கள். எனக்கு அது தங்கம். இறக்கை தலைக்கு மேலே இருப்பதால் கீழே பார்க்கத் தடையே இல்லை. சரியான வரிசையில் உட்கார்ந்தால் சக்கரம் கண்ணெதிரே மடங்கி உள்ளே போகும். இறங்கும்போது தரையை உரசிக் குப்பென்று ஒரு புகை. இன்னொரு தடவை, வெயிலுக்கு எதிர்ப்பக்க ஜன்னலில் இருந்தேன். எங்கள் விமானத்தின் நிழல் மேகத்தின்மேல் கூடவே ஓடி வந்தது, அதைச் சுற்றி வட்டமாக ஒரு வானவில். பக்கத்தில் இருந்தவரைத் தட்டிக் காட்டினேன். “ஓகே ஓகே” என்றார்.

ஒரு விமானத்தில் ஜன்னல் வைப்பது என்ன லேசான காரியமா? உள்ளே அடைத்த காற்று எந்நேரமும் உடம்பை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். 1954இல் ஜனவரியில் ஒன்று, ஏப்ரலில் ஒன்று என இரண்டு காமெட் ஜெட் விமானங்கள் வானத்திலேயே சிதறின. உடம்பில் வெட்டியிருந்த திறப்புகளின் மூலையில் உலோகம் களைத்து விரிசல் விட்டதுதான் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். இன்றைக்கு எல்லா ஜன்னலும் மூலை மழுங்கி உருண்டையாக இருப்பதில் அந்தப் பாடமும் இருக்கிறது. கண்ணாடியில் கீழ்ப்பக்கம் குண்டூசித் துளை ஒன்று இருக்கும், பார்த்திருக்கிறீர்களா? மூடியைத் திறந்தால் பார்ப்பீர்கள். அழுத்தத்தை வெளிப்பக்கக் கண்ணாடியே தாங்கும்படி செய்வது அந்தத் துளைதான், பனி படியாமல் பார்த்துக்கொள்வதும் அதுதான். ஜன்னலே இல்லாமல் கட்டினால் விமானம் எடை குறைந்திருக்கும், வேலையும் சுலபம். இவ்வளவு பாடுபட்டு அந்தத் துளைவரைக்கும் போட்டுக் கொடுத்தது நீங்கள் கார்ட்டூன் பார்க்கவா?

இதில் விற்கிறவர்கள் கூத்து தனி. ஒரு தடவை ஒரு கம்பெனி விமானத்தில் இதேபோல் கூடுதல் காசு கட்டி ஜன்னல் சீட் வாங்கினேன். போய் உட்கார்ந்தால் சுவர். வெறும் பிளாஸ்டிக் சுவர். போயிங் 737இல் இறக்கைக்குச் சற்று முன்னால் இடப்பக்கம் ஏசி காற்று வயிற்றிலிருந்து கூரைக்கு ஏறுகிற குழாய் போகும், அங்கே ஜன்னல் வைக்க வழியில்லை. கட்டினவன்மேல் தப்பில்லை. மற்ற வரிசைகளிலும் ஜன்னல் முதுகுக்குப் பின்னால் போவதற்குக் காரணம் இருக்கிறது: ஜன்னல்கள் சுமார் 20 அங்குலத்துக்கு ஒன்று, சீட்டுகள் 28, 29 அங்குலத்துக்கு ஒன்று. எப்படிப் பொருந்தும்? அதெல்லாம் எனக்குப் புரிகிறது. சுவரை ஜன்னல் விலைக்கு விற்றது மட்டும்தான் புரியவில்லை. போன் போட்டுக் கேட்டால் அந்தப் பக்கத்துத் தம்பி, “சார், விண்டோ சீட்னா ஓரத்து சீட்னு அர்த்தம். விண்டோ இருக்கும்னு நாங்க எங்கேயும் போடலையே” என்றார். அவர் குரலில் கேலியே இல்லை, அதுதான் கொடுமை. இந்தச் சுவரை இன்னும் நான் மறக்கவில்லை, ஆனால் அதையாவது மன்னிக்கலாம். இருக்கிற ஜன்னலைச் சுவராக்குகிறார்களே, அவர்களை என்ன செய்வது?

பெரிய விமானங்களில் இன்னொரு வினை. 787இல் இழுத்து மூடுகிற மூடியே கிடையாது, பொத்தானை அழுத்தினால் கண்ணாடி கருநீலமாக இருளும். அந்தப் பொத்தானுக்கு மேலே இன்னொரு பொத்தான் பணியாளர்கள் கையில் இருக்கிறது. நல்ல பகலில் மொத்த விமானத்தையும் ராத்திரியாக்கிவிட்டுத் தூங்குங்கள் என்கிறார்கள். (அந்த விமானத்தை ஒரேயடியாகத் திட்ட மனசு வராது. அதன் உள்ளே காற்றழுத்தம் 6,000 அடி உயரத்தில் இருப்பதுபோல் வைத்திருப்பார்கள். சரியாக எங்கள் குன்னூர் உயரம். மற்ற ஜெட்டுகளில் 8,000 அடிவரை போகலாம், அது ஊட்டிக்கும் தொட்டபெட்டாவுக்கும் நடுவில். சிப்ஸ் பாக்கெட் உப்புவது இரண்டு இடத்திலும் ஒரே காரணத்தால்தான்.)

மூடவே கூடாதா என்று சண்டைக்கு வராதீர்கள். வெயில் கண்ணைக் குத்தினால் பாதி இறக்குங்கள். கைக்குழந்தை தூங்கினால் முழுசாகவே இறக்குங்கள். 2025 மே மாதம் மேற்கு எல்லைப் பக்கத்து ராணுவ விமான தளங்களில் ஏறும்போதும் இறங்கும்போதும் மூடிவைக்கச் சொல்லி உத்தரவு வந்தது, அதுவும் நியாயம். சேலத்துக்கு மேலே என்ன ராணுவ ரகசியம்?

இடம் விட்டுக் கொடுப்பதிலும் எனக்கு வருத்தமில்லை. சில வருடங்களுக்கு முன்னால் கோயம்புத்தூரிலிருந்து கிளம்பும்போது பக்கத்தில் அன்னூர் அம்மாயி ஒருவர். முதல் பயணம், மகள் டிக்கெட் போட்டுக் கொடுத்திருக்கிறாள். அவர் வாயைத் திறந்து கேட்கவில்லை. என் தோளைத் தாண்டித் தாண்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து இடத்தைக் கொடுத்தேன். ஏறின இரண்டாவது நிமிடம், “சாமி, அது எங்கூர்க் கொளமுங்களா?” என்று கேட்டார். எனக்கு நிச்சயமாகத் தெரியாது, ஆமாங்க என்றேன். சென்னை வரைக்கும் நெற்றியைக் கண்ணாடியிலிருந்து எடுக்கவே இல்லை. இறங்கும்போது நெற்றிப்பொட்டு ஜன்னலில் ஒட்டியிருந்தது. அப்படிப்பட்டவர்களுக்கு என் ஆயுசுக்கும் ஜன்னலைத் தருவேன்.

மூன்று நாள் முன்னால் நடந்ததின் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். இறங்கப் போகிறோம், ஜன்னல் மூடிகளைத் திறந்து வையுங்கள் என்று அறிவித்தார்கள். ஆபத்து வந்தால் வெளியே நெருப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமே, அதற்காக. பையன் சலித்துக்கொண்டே மேலே தள்ளினான். அவன் தலை, அவன் அம்மாவின் தோள், இரண்டுக்கும் நடுவில் விரற்கடை அளவு நீலம். அது மலையா மேகமா என்றுகூடத் தெரியவில்லை. தரை தட்டியதும் அந்த அம்மா திரும்பி, “ரொம்ப தேங்க்ஸுங்கண்ணா, ஜன்னல் இல்லேன்னா இவன் ஒரு எடத்துக்கு வரமாட்டான்” என்றார்.

மேட்டுப்பாளையம் வந்து ஊட்டி பஸ்ஸில் கைக்குட்டை போட்டு ஜன்னல் ஓரம் பிடித்தேன். வானத்தில் விட்டதைத் தரையிலாவது பார்ப்போமே என்று. மரப்பாலம் தாண்டியதும் மேகம் விலகி, கீழே சமவெளி மொத்தமும் விரிந்தது. கல்லாறு, பாக்குத் தோட்டங்கள், இன்னும் தள்ளி கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு விமானம் ஏறுவதுபோல் ஒரு மினுக்கல். முகத்தை வெளியே நீட்டினேன். பின்னாலிருந்து தோளில் ஒரு தட்டு. மேட்டுப்பாளையத்திலேயே குரங்குக் குல்லா மாட்டிக்கொண்டு ஏறின டூரிஸ்ட் பெரியவர்.

“தம்பி, குளிருது. அந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்துங்க.”