ஜன்னலோரத்தில் தூங்குகிறவர்களுக்கு

‘பத்து நாளில் பிரிட்டன்’ என்று யார் பயணத் திட்டம் போட்டாலும் அதே பட்டியல்தான். லண்டன், ஆக்ஸ்ஃபோர்டு, ஸ்டோன்ஹெஞ்ச், பாத், விண்டர்மியர் ஏரி. அங்கிருந்து ஒரே தாவலில் எடின்பரோ. நடுவில் கிடக்கும் வடகிழக்கு இங்கிலாந்து இவர்கள் கண்ணுக்குத் தெரிவதே இல்லை. டர்ஹாம், நார்தம்பர்லாந்து என்று வாயெடுத்தால் போதும், “அங்கே பார்க்க என்ன இருக்கிறது?” என்கிறார்கள். நியூகாசிலில் குடியிருக்கும் எனக்கு இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

என்ன இருக்கிறதா? லண்டன் கிங்ஸ் கிராஸில் எடின்பரோ ரயில் ஏறி வலப்பக்க ஜன்னலோரம் உட்காருங்கள். டர்ஹாம் நிலையத்துக்குச் சற்று முன்னால் ரயில் உயரமான வளைவுப் பாலத்தின் மீது வரும். கீழே ஊரின் கூரைகள். எதிரே குன்றின் மேல், மரங்களுக்கு மேலாக எழுந்து நிற்கும் பேராலயம். 1093இல் கட்டத் தொடங்கியது. பக்கத்திலேயே கோட்டை. இரண்டையும் சேர்த்து 1986இலேயே யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்துவிட்டது. அந்த நேரத்தில் பெட்டிக்குள் பார்த்தால் பாதிப் பேர் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார்கள். மீதிப் பேர் கைப்பேசியில் எடின்பரோ கோட்டையின் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது.

இத்தனைக்கும் அவர்கள் உட்கார்ந்து வரும் ரயிலே இந்த மண் போட்ட பிச்சை. ரயில்பாதைகளின் தந்தை எனப்படும் ஜார்ஜ் ஸ்டீபன்சன் 1781இல் பிறந்த வைலம் கிராமம் நியூகாசிலுக்குக் கூப்பிடு தூரம். நீராவி எஞ்சின் ஓடிய முதல் பொது ரயில்பாதை 1825இல் ஸ்டாக்டன், டார்லிங்டன் ஊர்களுக்கிடையே திறந்ததும் இங்கேதான்.

“அங்கே ஒரே குளிர், மழை” என்பது அடுத்த சாக்கு. குளிர் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். மழையைப் பற்றி மட்டும் பேசவேண்டாம். பென்னைன் மலைகள் மேற்கேயே மழையைப் பிடித்து நிறுத்திவிடுவதால் நியூகாசிலில் ஆண்டுக்கு 650 மில்லிமீட்டர் அளவில்தான் பெய்கிறது. நீங்கள் குடையும் கையுமாகப் படகுக்கு வரிசையில் நிற்கிறீர்களே, விண்டர்மியர் இருக்கும் அந்த ஏரி மாவட்டத்தின் சீத்வெயிட்டில் 3,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிறது!

ஹேட்ரியன் சுவர் என்று ஒன்று உண்டு. ரோமானியர்கள் கி.பி. 122இல் தொடங்கி, நாட்டின் குறுக்கே 117 கிலோமீட்டருக்குக் கட்டியது. அதற்குச் சற்றுத் தெற்கே விண்டோலண்டா கோட்டை. அங்கே சேற்றுக்குள்ளிருந்து மெல்லிய மரச்சீவல்களில் மையால் எழுதிய கடிதங்களைத் தோண்டி எடுத்தார்கள். அவற்றில் ஒன்று, கி.பி. 100 வாக்கில் கிளாடியா செவெரா என்ற பெண் தன் தோழிக்கு அனுப்பிய பிறந்தநாள் அழைப்பு. எழுத்தர் எழுதி முடித்த பிறகு, ‘உன்னை எதிர்பார்ப்பேன், சகோதரி’ என்று அடியில் தன் கைப்பட எழுதியிருக்கிறாள். ஒரு பெண்ணின் கையால் எழுதப்பட்ட லத்தீனில் நமக்குக் கிடைத்த மிகப் பழையவற்றுள் ஒன்று அது. அது எங்கே இருக்கிறது? லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில். நார்தம்பர்லாந்துக் கரையோர லின்டிஸ்ஃபார்ன் தீவில் உருவான, வண்ணமும் பொன்னும் இட்ட புகழ்பெற்ற நற்செய்திச் சுவடி? அதுவும் லண்டனில்தான், பிரிட்டிஷ் நூலகத்தில். 2013இல் டர்ஹாமுக்கும் 2022இல் நியூகாசிலுக்கும் கடனாக அனுப்பிவைத்தார்கள். பெற்ற பிள்ளை விருந்தாளியாக வந்து இரண்டு வேளை சாப்பிட்டுவிட்டுப் போனதுபோல. இருப்பதையெல்லாம் அள்ளிக்கொண்டு போய்விட்டு, அங்கே என்ன இருக்கிறது என்று கேட்டால் கோபம் வராதா?

அந்தச் சுவரோரம், இரு மேடுகளுக்கு நடுப்பள்ளத்தில் தனியாக ஒரு சிக்கமோர் மரம் நின்றது. 2023 செப்டம்பரில் அதை இரவோடு இரவாக அறுத்துத் தள்ளினார்கள். உடனே உலகமே ஒப்பாரி வைத்தது. நின்ற காலத்தில் நான் கூப்பிட்டபோது ஒருவரும் வரவில்லை. விழுந்த பிறகு, “உங்கள் ஊர்ப்பக்கமாமே, பார்த்திருக்கிறாயா?” என்று துக்கம் விசாரிக்கிறார்கள்.

பயணிகளை மட்டும் திட்டிப் பயனில்லை என்பதும் தெரியும். கார் இல்லாதவர் இங்கே திண்டாடத்தான் வேண்டும். நியூகாசிலிலிருந்து ஆஷிங்டன் ஊருக்கு 1964இல் நிறுத்திய பயணிகள் ரயிலை மறுபடி விட 2024 டிசம்பர் ஆனது. அருமையான கோட்டை உள்ள ஆனிக் ஊருக்கு 1968இலிருந்து ரயிலே இல்லை. பழைய நிலையத்தில் இப்போது பார்ட்டர் புக்ஸ் என்ற பழைய புத்தகக்கடை. கணப்படுப்பு எரிய, மேலே பொம்மை ரயில் ஓட, நாள் முழுக்க உட்கார்ந்திருக்கலாம். ‘பதறாதே, வேலையைப் பார்’ என்ற சிவப்புச் சுவரொட்டியைக் கோப்பையிலும் பனியனிலும் அச்சடித்து லண்டனில் விற்கிறார்களே, மறந்துபோன அந்த 1939ஆம் ஆண்டுச் சுவரொட்டி 2000இல் மறுபடி அகப்பட்டது இந்தக் கடையின் பழைய புத்தகப் பெட்டி ஒன்றில்தான். கோப்பையை வாங்க ஆயிரம் பேர், கடையைப் பார்க்க ஆள் இல்லை.

லின்டிஸ்ஃபார்னுக்கு வருகிறவர்களாவது ஒழுங்கா என்றால் அதுவும் இல்லை. தீவுக்குப் போகும் சாலையை நாளுக்கு இருமுறை கடல் மூடும். எப்போது மூடும் என்று நேர அட்டவணை இருக்கிறது, எச்சரிக்கைப் பலகை இருக்கிறது. இருந்தும் ஆண்டுதோறும் எவராவது காரைத் தண்ணீருக்குள் விட்டுவிட்டு, மீட்புப் படகுக்காகக் காத்திருக்கிறார்கள். இரண்டு மணி நேரத்தில் தீவை ‘முடித்துவிட்டு’ ஓடும் அவசரம்!

அடுத்த மாதம் சித்தப்பா குடும்பம் வருகிறது. லண்டனிலிருந்து நேரே எடின்பரோ. “நியூகாசிலில் ரயில் நாலு நிமிடம் நிற்குமாம், மிளகாய்ப்பொடி தடவி இட்லி கொண்டு வந்துவிடு” என்று செய்தி அனுப்பியிருக்கிறார். கட்டாயம் கொண்டு வருகிறேன், ஆனால் டர்ஹாம் நடைமேடைக்கு. பெட்டி படுக்கையோடு கீழே இறங்கினால்தான் பொட்டலம் கைக்கு வரும் என்று பதில் போட்டிருக்கிறேன்.