ப்ளூஸுக்கு ஆம்ப் கேட்டால் மெட்டலைக் காட்டாதீர்கள்

பட்ஜெட் 15,000 ரூபாய். வாசிப்பது ப்ளூஸ், அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் பிறந்த இசை. இருப்பது சென்னையில், அடுக்குமாடிக் குடியிருப்பில். எலெக்ட்ரிக் கிட்டாருக்கு என்ன ஆம்ப், அதாவது ஒலிபெருக்கிப் பெட்டி, வாங்கலாம்?

கேள்வி இவ்வளவுதான். இதைக் கடையில் கேட்டாலும் சரி, கிட்டார் வாசிக்கும் தம்பிகளிடம் கேட்டாலும் சரி, யூட்யூபில் தேடினாலும் சரி, வருகிற பதிலைக் கேட்டு வயிறு எரிகிறது. ஒருவர் வாட்ஸ் கணக்கு சொல்கிறார். ஒருவர் உள்ளே ஒலியை மாற்றிக் காட்டும் எஃபெக்ட் எத்தனை இருக்கிறது என்று சொல்கிறார். மூன்றாமவர் என் பட்ஜெட்டைப் போலப் பல மடங்கு விலையுள்ள ஒன்றைக் காட்டி, "இது இல்லாம ப்ளூஸ் வாசிக்கவே முடியாது" என்கிறார். ப்ளூஸ் வாசிக்கிறவனுக்கு அந்த ஆம்ப் என்ன செய்து கொடுக்க வேண்டும் என்று மட்டும் யாரும் யோசிப்பதில்லை.

அதை நானே சொல்லிவிடுகிறேன். தந்தியை மீட்டும் பிக்கால் மெதுவாகத் தொட்டால் சுத்தமாக ஒலிக்க வேண்டும். அழுத்தி அடித்தால் லேசாகக் கரகரக்க வேண்டும். கிட்டாரின் வால்யூம் குமிழை 10-லிருந்து 6-க்கு இறக்கினால் அந்தக் கரகரப்பு தானாக அடங்க வேண்டும். பி தந்தியை இழுத்துப் பிடித்து விரலை அசைத்தால் அந்த ஸ்வரம் மெலிந்து சாகாமல் உடம்போடு நிற்க வேண்டும். கூடவே கொஞ்சம் ரிவெர்ப், பெரிய கூடத்தில் வாசிப்பது போன்ற எதிரொலி. முடிந்தது. நான் வேறு எதுவும் கேட்கவில்லை.

முதலில் அந்த மூன்றாமவரிடம் வருகிறேன். "ட்யூப் இல்லாம ப்ளூஸா ப்ரோ?" இந்த ஒரு வரியைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. பழைய ரேடியோவில் இருந்த மாதிரிக் கண்ணாடி வால்வுகளால் ஓடும் ட்யூப் ஆம்ப் நன்றாக இருக்காது என்று யார் சொன்னது? 6வி6, இஎல்84 மாதிரி பவர் ட்யூப்களை எல்லை வரை தள்ளும்போது ஒலி சட்டென்று உடையாது, மெல்ல மெல்ல உடையும். அடித்த வேகத்தில் மின்னழுத்தம் கொஞ்சம் தொய்ந்து, அடுத்த கணம் எழும்பும். விரலுக்குக் கீழே ஏதோ உயிருள்ளது மூச்சு விடுவது தெரியும். அந்தச் சுகம் எனக்கும் தெரியும், எனக்கும் ஆசைதான். ஆனால் அந்தச் சுகம் வர ஆம்பை முறுக்க வேண்டுமே? அதை எந்த வீட்டில் முறுக்குவது?

கணக்குப் போட்டுப் பாருங்கள். எல்லோரும் கைகாட்டும் ஃபெண்டர் ப்ளூஸ் ஜூனியர் 15 வாட். அதை விடுங்கள், பழைய ஃபெண்டர் சாம்ப் மாதிரி வெறும் 5 வாட் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தூரத்தில் 95 டெசிபெல் தரும் சாதாரண கிட்டார் ஸ்பீக்கரில் 5 வாட்டை முழுசாக விட்டால் 102 டெசிபெல். நம் அடுக்குமாடியில், ஒற்றைச் செங்கல் சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு அக்காவின் பையன் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கும்போது, 102 டெசிபெல்! குமிழை ஒன்றில் வைத்து வாசித்தால் ட்யூப் வாங்கியதற்கே அர்த்தமில்லை. அறிவுரை சொல்கிறவர்கள் இதைச் சொல்வதே இல்லை.

அப்புறம் பராமரிப்பு. பவர் ட்யூப் தேயும், மாற்ற வேண்டும். பல ஆம்புகளில் மாற்றியதும் பயாஸ் (ட்யூபில் ஓடும் மின்னோட்ட அளவு) பார்த்துச் சரிசெய்ய வேண்டும். உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்கள், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஆளைக் கொல்லும் அளவுக்கு மின்சாரத்தை வைத்திருக்கும். தெருமுனையில் மிக்ஸி ரிப்பேர் பார்ப்பவரிடம் கொடுக்கிற சாமானா அது? "அமெரிக்காவுல இருந்து யாராவது வந்தா கொண்டுவரச் சொல்லுங்க, சீப்" என்கிறவர்களும் உண்டு. அங்கே 120 வோல்ட், இங்கே 230. அப்படியே சொருகினால் டிரான்ஸ்ஃபார்மர் போச்சு. கனமான ஸ்டெப்-டவுன் பெட்டி ஒன்று தனியாக வாங்கி, அதையும் இழுத்துக்கொண்டு அலைய வேண்டும். விமானத்தில் எடைக் கட்டணத்தையும் சேர்த்தால் அந்த "சீப்" எங்கே போகிறது?

எல்லாவற்றையும்விட எனக்குக் கோபம் வருவது வரலாறு தெரியாமல் பேசுவதில்தான். ப்ளூஸ் ஜாம்பவான் பி.பி. கிங் 1970-களின் கடைசியிலிருந்து வெகுகாலம் மேடையில் நம்பிய ஆம்ப் எது தெரியுமா? லேப் சீரிஸ் எல்5. முழுக்க முழுக்க டிரான்சிஸ்டர், உள்ளே ஒரு ட்யூப்கூடக் கிடையாது. இன்னொரு ஜாம்பவான் ஆல்பர்ட் கிங்கும் 'அகூஸ்டிக்' நிறுவனத்தின் டிரான்சிஸ்டர் ஆம்பை வைத்துத்தான் அந்த முரட்டு இழுவைகளை இழுத்தார். ப்ளூஸின் இந்த இரண்டு கிங்குகளும் டிரான்சிஸ்டரில் வாசிக்கலாம், வாடகை வீட்டில் சாயங்காலம் ஒரு மணி நேரம் வாசிக்கிற நான் வாசிக்கக் கூடாதா?

இந்த இசை எங்கிருந்து வந்தது என்று ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். மிஸிஸிப்பியின் பருத்திக் காட்டில் டிராக்டர் ஓட்டிய ப்ளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸ் 1943-ல் சிகாகோவுக்குப் போகிறார். அங்கே பார்களில் கூட்டத்தின் இரைச்சலில் சாதாரண கிட்டார் காதில் விழவில்லை, அதனால்தான் மின்சாரம் வந்தது. அந்த ஊர் மேக்ஸ்வெல் தெருவின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், பக்கத்து வீட்டுக்காரருக்குக் காசு கொடுத்து ஜன்னல் வழியாக ஒயர் இழுத்து ஆம்பை ஓட்டினார்கள். அவர்களைப் போன்றவர்களுக்குக் கிடைத்தவை பெரும்பாலும் வால்கோ, கே மாதிரியான சிகாகோ தொழிற்சாலைகளின் மலிவு ஆம்புகள். இல்லாவிட்டால் சியர்ஸ் தபால் விற்பனைப் பட்டியலில் வந்த சில்வர்டோன். சின்னப் பெட்டி, மெல்லிய ஸ்பீக்கர். கூட்டத்துக்கு மேல் கேட்க வேண்டுமே என்று முழுசாகத் திருப்பினார்கள், அது கரகரத்தது. அந்தக் கரகரப்பைத்தான் இன்று எல்லோரும் தேடி ஓடுகிறோம்.

1951-ல் மெம்ஃபிஸில் 'ராக்கெட் 88' பாட்டு பதிவானபோது கிட்டார் கலைஞர் வில்லி கிஸார்ட்டின் ஆம்ப் வழியில் அடிபட்டு ஸ்பீக்கர் கிழிந்திருந்தது. காகிதத்தைத் திணித்து ஒட்டுப்போட்டு அப்படியே பதிவு செய்தார்கள். அந்தக் கிழிந்த ஒலியை ராக் இசையின் தொடக்கங்களில் ஒன்றாக இன்றும் பேசுகிறார்கள். உடைந்த ஆம்பில் பிறந்த ஒலியை ஆடம்பரச் சாமானாக்கி, "உன் காசுக்கு இது கிடைக்காது, போய்ட்டு வா" என்று சொல்ல இவர்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

சரி, ட்யூப் வேண்டாம் என்று இறங்கி வந்தால் அடுத்த ஏமாற்று வாட்ஸ். "10 வாட் வாங்காதீங்க சார், 20 வாட் வாங்குங்க, டபுள் சவுண்ட்." டபுளும் இல்லை, ஒன்றும் இல்லை. வாட்ஸ் இரட்டிப்பானால் கூடுவது 3 டெசிபெல், காதுக்குக் கொஞ்சம் கூடின மாதிரி தெரியும், அவ்வளவுதான். இரண்டு மடங்கு சத்தம் என்று காது உணர ஏறக்குறைய பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். ஒரு ஸ்பீக்கரை எடுத்துவிட்டு 3 டெசிபெல் கூடுதலாகத் தரும் ஸ்பீக்கரைப் போட்டாலே வாட்ஸை இரட்டித்த பலன் கிடைத்துவிடும். இதை எந்த விற்பனையாளர் சொல்கிறார்?

ஸ்பீக்கர்! மலிவு ஆம்பில் முதலில் பார்க்க வேண்டியது அதுதான். பெட்டியின் மேல் வாட்ஸைக் கொட்டை எழுத்தில் போட்டுவிட்டு, ஸ்பீக்கர் அளவைப் பின்பக்கம் பொடி எழுத்தில் தள்ளிவிடுகிறார்கள். கிட்டாரின் தடித்த ஈ தந்தி 82 ஹெர்ட்ஸ். ஆறு அங்குல ஸ்பீக்கரைச் சின்ன மூடிய பெட்டியில் வைத்தால் அந்தக் கீழ் ஒலி எங்கிருந்து வரும்? ஃபெண்டர் ஃப்ரன்ட்மேன் 10ஜி, ஆரஞ்ச் க்ரஷ் 12 எல்லாம் ஆறு அங்குல வகை. விரல் பழக நல்லவைதான், குறை சொல்லவில்லை. ஆனால் 12 பார் ப்ளூஸில் (பன்னிரண்டு தாள அளவில் சுழலும் பாட்டமைப்பு) கீழ்த் தந்திகளில் ஷஃபிள் என்ற தாளத்தைப் போடும்போது நெஞ்சில் வந்து உட்கார வேண்டிய அந்த 'தும்-த தும்-த' டப்பா சத்தமாகத்தான் வரும். எட்டு அங்குலம் உள்ள ஃபெண்டர் சாம்பியன் 20, ஆரஞ்ச் க்ரஷ் 20ஆர்டி இரண்டிலும் நிலைமை எவ்வளவோ தேவலாம். சாம்பியன் 40-ல் பன்னிரண்டு அங்குலம். பாஸ் கட்டானா 50-லும் பன்னிரண்டுதான், அதில் அரை வாட்டுக்கு இறக்கும் வசதியும் இருக்கிறது, அடுக்குமாடிக்காரனுக்கு அது பெரிய வரம். அது என் பட்ஜெட்டுக்குள் வராது என்பது வேறு விஷயம். குறைந்தபட்சம் இப்படி ஸ்பீக்கரை வைத்து வித்தியாசம் சொல்லத் தெரிந்த ஒருவர் கடையில் நிற்கக் கூடாதா?

கடையைச் சொன்னால் இன்னும் ஆத்திரம். பேர் வேண்டாம், நகரத்தின் நடுவில் இருக்கும் கடைதான். "ப்ளூஸுக்கு ஆம்ப்" என்று தெளிவாகச் சொன்னேன். தம்பி ஒரு ஆம்பை இழுத்து வைத்து, கரகரப்பைக் கூட்டும் கெயின் குமிழை முழுசாக ஏற்றி, மெட்டல் என்ற முரட்டு ராக் இசைக்கான ப்ரீசெட்டை (தயார் ஒலி) போட்டு, தடதடவென்று ஒரு ரிஃப் அடித்துவிட்டு என் முகத்தைப் பார்க்கிறார். "சார், இதுல எல்லா டோனும் இருக்கு சார்." கரகரப்பில்லாத க்ளீன் ஒலியை வைத்துக் காட்டுங்கள் என்றால் மாடுலேஷன், டிலே எல்லாவற்றையும் அதன் மேல் ஏற்றுகிறார். ருசி இல்லாத குழம்பில் மசாலாவை அள்ளிக் கொட்டி மறைக்கிற வேலை இது. கையில் கொடுத்த கிட்டாரின் தந்திகளோ துருப்பிடித்துக் கறுத்திருக்கின்றன. வால்யூம் குமிழைத் திருப்பிப் பார்க்கிறேன் என்றால், "கஸ்டமர்ஸ் இருக்காங்க சார், சத்தம் வேணாம்" என்கிறார். கொஞ்சம் முன்னால் அவர் அடித்த மெட்டல் யாருக்கும் கேட்கவில்லையா?

அந்தக் கெயினில்தான் ப்ளூஸ் செத்துப்போகிறது, இது புரிய வேண்டும். கெயினை அவ்வளவு ஏற்றினால் ஆம்ப் எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்கு நசுக்கிவிடும். மெதுவாகத் தொட்டதும், ஓங்கி அடித்ததும் ஒரே சத்தத்தில் வரும். மெட்டலுக்கு அது தேவை, அந்த இசையின் அழகே அந்த இறுக்கம்தான். ப்ளூஸில் பாட்டு இருப்பதே தொடுவதற்கும் அடிப்பதற்கும் நடுவில். ஒரு ஸ்வரத்தை முணுமுணுத்து அடுத்ததைக் கத்தவிட வேண்டும். அந்த வித்தியாசத்தை அழித்துவிட்டு, "ப்ளூஸ்" என்று பெயர் ஒட்டிய ஒரு ப்ரீசெட்டைக் காட்டி விற்கிறார்கள்.

யூட்யூப் விமர்சனங்கள் அடுத்த வேதனை. ஆம்புக்கு முன்னால் நல்ல மைக், அறை முழுக்க ஒலி அடக்கும் பஞ்சு, கையில் லட்ச ரூபாய் கிட்டார், பின்னணியில் டிரம்ஸும் பேஸும், அதற்கு மேல் எடிட்டிங். அப்படிக் கேட்டால் எந்தப் பெட்டியும் இனிக்கும். வெறும் அறையில், போனை இரண்டடி தூரத்தில் வைத்து, க்ளீன் சேனலில் ஐந்து நிமிடம் மெதுவாக வாசித்துக் காட்டுங்கள் போதும். எஃபெக்ட் ஒவ்வொன்றையும் பத்து நிமிடம் காட்டுகிறார்கள், கிட்டார் வால்யூம் குமிழை இறக்கினால் என்ன ஆகிறது என்று காட்டுகிற ஆள் அபூர்வம்.

இன்னொரு கொடுமை, கீபோர்டு, மைக், கிட்டார் எல்லாவற்றுக்கும் ஒரே பெட்டி என்று விற்பது. அதில் ட்வீட்டர், அதாவது உச்ச ஒலிக்கான குட்டி ஸ்பீக்கர், இருக்கும். கிட்டார் ஸ்பீக்கர் ஏறக்குறைய 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலே வேகமாக விழுந்துவிடும், அதனால்தான் ஓவர்டிரைவ், அந்தக் கரகரப்பு, காதுக்கு இதமாக இருக்கிறது. ட்வீட்டர் அந்த மேல் பகுதியை எல்லாம் தேனீக் கூட்டமாக வெளியே விடும். "மல்டிபர்ப்பஸ் சார், வீட்ல கரோக்கிக்கும் ஆகும்" என்று தலையில் கட்டிவிடுவார்கள். ப்ளூஸ் பழக வருகிற பிள்ளைகள் அதை வாங்கி, "என் கையில்தான் ஏதோ தப்பு" என்று நினைத்து ஆறு மாதத்தில் கிட்டாரை மூலையில் சாத்திவிடுகிறார்கள். அந்தப் பிள்ளைகளை நினைத்தால்தான் எனக்கு மனசு ஆறவில்லை.

இதே கேள்வியோடு அலைகிற யாருக்கும் நான் சொல்வது இதைத்தான். எஃபெக்ட் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள். எட்டு அங்குலத்துக்குக் குறையாத ஸ்பீக்கர், முடிந்தால் பத்தோ பன்னிரண்டோ. மேல் ஒலி குத்தாத ஒரு நல்ல க்ளீன் சேனல். மிச்சக் காசில், ட்யூப் ஸ்க்ரீமர் என்ற பிரபலப் பெடலின் பாணியில் சல்லிசாகக் கிடைக்கும், காலால் அழுத்தும் ஓவர்டிரைவ் பெடல் ஒன்று, கெயினைக் குறைவாகவும் லெவலைக் கூட்டியும் வைத்து. உங்கள் சொந்தக் கிட்டாரைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். க்ளீனில் வாசிக்க விடாத கடையில் வாங்காதீர்கள்.

கடை வைத்திருப்பவர்களே, உங்களிடம் கேட்பதும் பெரிய விஷயமில்லை. காட்சிக்கு வைத்திருக்கும் ஒரே ஒரு கிட்டாருக்குப் புதுத் தந்தி மாட்டுங்கள். விலைச்சீட்டில் வாட்ஸுக்குப் பக்கத்திலேயே ஸ்பீக்கர் அளவையும் எழுதுங்கள். "ப்ளூஸ்" என்று ஒருவன் வந்து கேட்டால், தம்பியைக் கூப்பிட்டு ரிஃப் அடிக்கச் சொல்லாமல், கெயினை இறக்கி வைத்துவிட்டுக் கிட்டாரை அவன் கையில் கொடுங்கள்.