வீட்டுலதானே இருக்கீங்க

"வீட்டுலதானேக்கா இருக்கீங்க, அவனைக் கொஞ்சம் பாத்துக்கோங்க." பள்ளிக்கூடம் திறந்த அன்று லிஃப்ட் கதவைப் பிடித்துக்கொண்டே எதிர்வீட்டுப் பெண் இதைச் சொல்லி, சாவியைக் கையில் திணித்துவிட்டு இறங்கிப் போய்விட்டாள். பேச்சு அவ்வளவுதான். நான் வீட்டில் பிளவுஸ் தைக்கிறேன். வீட்டில் இருப்பவள் என்றால் சும்மா இருப்பவள் என்று நினைப்பவர்களிடம் சண்டை போட்டு ஓய்ந்துவிட்டேன், அதை விடுங்கள்.

பையனுக்கு 11 வயது. பள்ளி வேன் நாலு இருபதுக்கு இறக்கிவிடும், அப்பா அம்மா வர ஏழரை எட்டு ஆகிவிடும். பயந்த சுபாவம், ஆனால் பயமாக இருக்கிறது என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டான். "ஆன்ட்டி, மணி என்ன?" என்று வந்து நிற்பான், கையில் வாட்ச் இருக்கும். பத்து நிமிஷம் கழித்து, "கேஸ் மூடியிருக்கான்னு வந்து பாக்குறீங்களா?" அடுப்புப் பக்கமே போயிருக்க மாட்டான். என் தையல் மெஷின் சத்தத்துக்குக் காதைக் கொடுத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பான் போல, பாபின் மாற்ற இரண்டு நிமிஷம் நிறுத்தினாலே வாசலில் தலை தெரியும்.

போன ஐப்பசியில் ஒரு சாயங்காலம் நான் கடைக்குப் போயிருந்தபோது இடிமழை, கரண்டும் போய்விட்டது. நனைந்துகொண்டு வந்தால் மாடிப்படியில் ஷூவைக்கூடக் கழற்றாமல் பையை மடியில் வைத்து உட்கார்ந்திருக்கிறான். அம்மாவுக்கு நாலு தடவை அடித்திருக்கிறான், மீட்டிங்காம், எடுக்கவில்லை. எட்டு மணிக்கு வந்தவள் சிரித்துக்கொண்டே "இவன் சரியான பயந்தாங்கொள்ளிக்கா" என்றாள். அவன் முகம் போன போக்கைப் பார்த்ததும் எனக்குக் கோபம் வந்துவிட்டது.

அவளையும் முழுசாகக் குறை சொல்ல முடியாது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 2017-இல் மகப்பேறு சட்டத்தைத் திருத்தினார்கள், ஆனால் அதெல்லாம் பள்ளிக்குப் போகும் முன் இருக்கிற சின்னக் குழந்தைகளை மனதில் வைத்து வந்தது. ஆறாம் வகுப்புப் பையனை எங்கே விடுவது? டியூஷன், இல்லையென்றால் எதிர்வீடு. தாத்தா பாட்டி ஊரில்.

எதிர்வீட்டை நம்புவது தப்பில்லை, கேட்காமலே நம்புவதுதான் தப்பு. எத்தனை மணி வரைக்கும், என்றைக்கெல்லாம், எனக்கு முடியாத நாளில் யார், அவனுக்கு எதைக் கண்டால் பயம், இதையெல்லாம் உட்கார்ந்து பேச கால் மணி நேரம் ஆகுமா? இன்னொன்று, சொன்னால் கசக்கும். என் வீட்டில் அந்த நேரத்தில் வேறு யார் யார் இருப்பார்கள் என்று அவள் ஒரு வார்த்தை கேட்டதில்லை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க வந்த போக்சோ சட்டத்தின் வழக்குகளில் பெரும்பாலும் குற்றம் சாட்டப்படுகிறவர் குழந்தைக்குத் தெரிந்தவர்தான் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகளே காட்டுகின்றன. ஆண்பிள்ளைதானே என்ன ஆகிவிடும் என்கிற நினைப்பும் வேண்டாம், அந்தச் சட்டம் பையன்களுக்கும் சேர்த்துத்தான். நல்லவர்கள் மாதிரி தெரிகிறார்கள் என்பதெல்லாம் ஒரு விசாரணையா? நீங்கள் கேட்டால் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். கோபித்துக்கொள்கிற வீட்டில் பிள்ளையை விடாதீர்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையே அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்து இத்தனையும் சொன்னேன். முதலில் முகம் சுருங்கியது, அப்புறம் அழுதாள், அப்புறம் காபி குடித்தோம். பையனையும் கூப்பிட்டு, உனக்கு எப்படி இருந்தால் சரி என்று கேட்டோம், அதை அதுவரை யாருமே கேட்கவில்லை. ரெண்டு வீட்டுக் கதவும் திறந்திருக்கணும், அம்மா ஆறு மணிக்குப் போன் பண்ணணும், அவ்வளவுதான் அவன் கேட்டது.

இப்போது என் வாசல்படியில் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம். முடித்தால் டப்பாவில் கலந்து கிடக்கிற கொக்கியையும் பட்டனையும் பிரித்து வைப்பான். நேற்று அவள் ஆறு மணிக்குப் போன் பண்ண மறந்துவிட்டாள். கொக்கி மும்முரத்தில் அவன் கவனிக்கவே இல்லை, நான்தான் கூப்பிட்டுத் திட்டினேன்.