சம்பளம் விழுந்த தேதி தீர்மானித்த 326 பவுண்ட்

பிரித்தானியாவில் 2022 கோடை முதல் 2024 பெப்ரவரி வரை வழங்கப்பட்ட வாழ்க்கைச் செலவுக் கொடுப்பனவுகளைப் பற்றி நம்மவர்களிடையே பேச்சு எழும்போது, "அவருக்குக் கிடைத்தது, எனக்கு ஏன் கிடைக்கவில்லை?" என்ற கேள்வி இன்றும் வருகிறது. கேட்பவர் பெரும்பாலும், ஏதோ ஒரு படிவத்தைத் தான் நிரப்பாமல் விட்டுவிட்டதாகவோ, அதிகாரி ஒருவர் வேண்டுமென்றே தடுத்துவிட்டதாகவோ நினைத்துக்கொண்டிருப்பார். இரண்டும் இல்லை. அந்தக் கொடுப்பனவுக்கு விண்ணப்பப் படிவமே கிடையாது. எந்த அதிகாரியும் கோப்பைப் புரட்டிப் பார்த்து முடிவெடுக்கவும் இல்லை. சட்டம் குறித்துவைத்த ஒரு மாத இடைவெளிக்குள் ஒருவருடைய உதவித்தொகைக் கணக்கு என்ன நிலையில் இருந்தது என்பதை மட்டுமே கணினி பார்த்தது. என்னுடைய குறை அந்த ஒற்றை மாதத்தின் மீதுதான்.

அப்போது நிதியமைச்சராக இருந்த ரிஷி சுனக் 2022 மே 26 அன்று இதை அறிவித்தார். வருமானத்தைப் பொறுத்து வழங்கப்படும் உதவித்தொகைகளைப் பெறும் ஏறத்தாழ 80 இலட்சம் குடும்பங்களுக்கு 650 பவுண்ட், அதுவும் 326, 324 என இரண்டு தவணைகளாக. அடுத்த நிதியாண்டில் அது 900 பவுண்டாகி, 301, 300, 299 என மூன்று தவணைகளில் வந்தது. முதல் தவணைக்கான விதி இதுதான்: குறைந்த வருமானமுள்ள, உழைக்கும் வயதினருக்கான மாதாந்த உதவித்தொகையாகிய யுனிவர்சல் கிரெடிட் பெறுபவராயின், 2022 ஏப்ரல் 26க்கும் மே 25க்கும் இடையில் முடிவடைந்த கணக்கு மாதத்தில் அவருக்கு ஏதேனும் ஒரு தொகை உரித்தாகியிருக்க வேண்டும். அறிவிப்பு வந்தது மே 26. தகுதிக்கான கடைசி நாள் மே 25. செய்தியைக் கேட்டுவிட்டு எவரும் ஓடிப்போய் விண்ணப்பிக்க முடியாதபடி, கதவை முதலில் சாத்திவிட்டுத்தான் அறிவித்தார்கள். அதை நான் குறைகூற மாட்டேன். பொதுப்பணத்தை அவசரமாகப் பகிரும்போது இப்படியொரு காப்பு தேவைதான். ஜூலை 14 முதல் கோடிக்கணக்கான பவுண்ட்கள் எவருடைய கையொப்பமும் இன்றி வங்கிக் கணக்குகளைச் சென்றடைந்ததும் சாதாரண காரியமன்று. ஆங்கிலம் வாசிக்கத் தடுமாறும் நம் வயதானவர்களுக்கு, கேட்காமலே வந்துசேரும் பணம் எத்தனை பெரிய நிம்மதி என்பது, அவர்களுடைய கடிதங்களைப் படித்துச் சொல்லும் வேலையைச் செய்த எவருக்கும் தெரியும்.

இனி அந்த மாதத்துக்கு வருவோம். யுனிவர்சல் கிரெடிட்டில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியான கணக்கு மாதம் உண்டு. அவர் முதலில் விண்ணப்பித்த தேதியிலிருந்து அது தொடங்குகிறது. அந்த மாதத்துக்குள் கையில் வந்த சம்பளத்தில், பிள்ளை உள்ளவர்களுக்கும் வேலைத்திறன் குன்றியவர்களுக்கும் உரிய ஒரு விலக்குத் தொகையைக் கழித்து, மீதியில் ஒவ்வொரு பவுண்டுக்கும் 55 பென்ஸ் வீதம் உதவித்தொகையிலிருந்து குறைப்பார்கள். சம்பளம் மாதம் ஒருமுறை வந்தால் சிக்கல் இல்லை. ஆனால் நம்மவர்கள் வேலை செய்யும் பராமரிப்பு இல்லங்களிலும் கடைகளிலும் களஞ்சியங்களிலும் நான்கு வாரத்துக்கு ஒருமுறை சம்பளம் கொடுப்பது பரவலான வழக்கம். ஆண்டுக்குப் பன்னிரண்டு மாதங்கள், சம்பளமோ பதின்மூன்று. ஆகவே ஆண்டில் ஏதோ ஒரு கணக்கு மாதத்தில் இரண்டு சம்பளங்கள் விழுந்தே தீரும்.

ஒரு கற்பனைக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கணவன், மனைவி, 2017க்கு முன் பிறந்த ஒரு பிள்ளை. வாடகை உதவி பெறாதவர்கள். ஒருவருக்கு மட்டுமே வேலை, நான்கு வாரத்துக்குக் கையில் கிடைப்பது 1,300 பவுண்ட். அந்த ஆண்டின் வீதப்படி இவர்களுடைய முழு யுனிவர்சல் கிரெடிட் 815 பவுண்ட் 72 பென்ஸ், சம்பளத்தில் விலக்குத் தொகை 573 பவுண்ட். ஒரு சம்பளம் வரும் மாதத்தில் இவர்களுக்கு 415 பவுண்ட் 87 பென்ஸ் கிடைக்கும். இவர்களுடைய கணக்கு மாதம் ஏப்ரல் 14 முதல் மே 13 வரை என்றும், சம்பள நாள்கள் ஏப்ரல் 14, மே 12 ஆகிய வியாழக்கிழமைகள் என்றும் கொள்வோம். 2,600 பவுண்ட் ஒரே மாதத்தில் வந்ததாகக் கணினி எழுதிக்கொள்ளும். உதவித்தொகை பூச்சியம். பூச்சியமானதால் 326 பவுண்டும் இல்லை. பக்கத்து வீட்டில் அதே குடும்ப அமைப்பும், ஆண்டுக்கு அதே 16,900 பவுண்ட் சம்பளமும் உள்ள ஒருவர் மாதந்தோறும் 28ஆம் திகதி சம்பளம் வாங்குகிறார்; அவருக்கு முழுத்தொகையும் கிடைத்துவிடும். இரண்டு குடும்பங்களின் தேவையிலும் வருமானத்திலும் எள்ளளவு வேறுபாடு இல்லை. வேறுபட்டது நிறுவனத்தின் சம்பளப் பட்டியல் மட்டுமே.

இதைவிட என்னை உறுத்துவது மறுபக்கத்து அளவுகோல். யுனிவர்சல் கிரெடிட்டில் ஒருவருக்கு உரித்தாகக்கூடிய மிகக் குறைந்த தொகை ஒரு பென்ஸ். அந்த மாதத்தில் ஒரு பென்ஸ் உரித்தாகியிருந்தாலும் 326 பவுண்ட் முழுமையாக வரும். அந்த ஒரு பென்ஸ் இல்லாவிட்டால் ஒன்றுமே வராது. சம்பளம் ஏறஏற உதவியைப் படிப்படியாகக் குறைப்பதுதான் யுனிவர்சல் கிரெடிட்டின் அடிப்படைக் கொள்கை. கூடுதலாக உழைப்பவன் ஒருபோதும் நட்டப்படக்கூடாது என்று சொல்லித்தான் அதைக் கொண்டுவந்தார்கள். அதன் மேல் இப்படி ஒரு கொடுப்பனவை ஏற்றியபோது, அந்த மாதத்தில் ஒரு நாள் மேலதிக நேரம் வேலை செய்தவர் முந்நூறு பவுண்டுக்கு மேல் இழக்கும் நிலை உருவானது.

இது எவருக்கும் தெரியாத ஓட்டை என்று சொல்லவும் முடியாது. மாதச் சம்பளக்காரர்களுக்கு, வங்கி விடுமுறை காரணமாகச் சம்பளம் முன்கூட்டியே வந்து ஒரே கணக்கு மாதத்தில் இரண்டு விழுவதைப் பற்றி மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020 ஜூன் மாதமே தீர்ப்பளித்திருந்தது. அதைச் சரிசெய்யாமல் விட்டது அறிவுக்குப் பொருந்தாது என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். அதே ஆண்டு நவம்பரில் விதியும் திருத்தப்பட்டது. ஆனால் அந்தத் திருத்தம் மாதச் சம்பளக்காரர்களோடு நின்றுவிட்டது. வாரச் சம்பளமும் நான்கு வாரச் சம்பளமும் வாங்குவோர் வெளியே நின்றார்கள். ஆகவே 2022இல் சட்டத்தை எழுதியவர்கள் இந்தச் சிக்கலை நன்கு அறிந்தே எழுதினார்கள் என்றுதான் கொள்ள வேண்டும்.

அரசின் பதில், தொகையைத் தவணைகளாகப் பிரித்ததே இதற்கான பரிகாரம் என்பது. ஒரு தவணையைத் தவறவிட்டவர் அடுத்ததைப் பெற வாய்ப்புண்டு என்றார்கள். அதில் ஓரளவு உண்மை இருக்கிறது. மேலே சொன்ன கற்பனைக் குடும்பத்துக்கு இரண்டாவது தவணைக்கான கணக்கு மாதத்தில் ஒரு சம்பளம்தான் விழுந்திருக்கும், 324 பவுண்ட் கிடைத்திருக்கும். எனினும் வாரச் சம்பளக்காரருக்கு ஆண்டில் நான்கைந்து மாதங்களில் ஐந்து சம்பளங்கள் விழுகின்றன. அவர் இரண்டு முறையும் அகப்பட்டுக்கொள்ளலாம். இழப்பின் வாய்ப்பைக் குறைப்பது வேறு, காரணமற்ற இழப்பை நீக்குவது வேறு.

வீட்டு வாடகைக்கான ஹவுஸிங் பெனிஃபிட் மட்டும் பெறுவோரின் கதை இன்னும் வருத்தத்துக்குரியது. அதுவும் வருமானத்தைப் பார்த்துக் கொடுக்கும் உதவிதான். ஆனால் உள்ளூர்க் கவுன்சில்கள் அதை வழங்குவதால் பட்டியலில் சேர்க்கப்படவில்லை. கவுன்சில்களின் வழியாகப் பணம் கொடுப்பது கடினம் என்ற வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. அதே 2022 ஏப்ரலில்தான், ஏ முதல் டி வரையான (மதிப்புக் குறைந்த) வரிப்பிரிவு வீடுகளுக்கு 150 பவுண்ட் கவுன்சில் வரிக் கழிவு, அதே கவுன்சில்களின் வழியாக, வருமானம் எதையும் பாராமல் வழங்கப்பட்டது. விடுபட்டவர்களிடம், கவுன்சில்கள் நெருக்கடியில் உள்ள குடும்பங்களுக்கு உதவும் நிதியான ஹவுஸ்ஹோல்ட் சப்போர்ட் ஃபண்டை நாடச் சொன்னார்கள். அங்கே ஒவ்வொரு கவுன்சிலும் தன் விருப்பப்படி விதி வகுக்கலாம். ஆகவே உரிமையாக வந்திருக்க வேண்டியது, கேட்டுப் பார்த்துப் பெறும் சலுகையாகச் சுருங்கியது.

ஓய்வூதியர்கள் விடயத்தில் அரசு சற்றுத் தாராளமாகவே நடந்துகொண்டது. குறைந்த வருமானமுள்ள ஓய்வூதியர்களின் வருமானத்தை ஒரு குறித்த அளவுவரை உயர்த்திக் கொடுக்கும் பென்ஷன் கிரெடிட்டை மூன்று மாதம் பின்தேதியிட்டுக் கோரலாம் என்பதால், அறிவிப்பு வந்த பிறகு விண்ணப்பித்தவர்களும் தகுதி பெற முடிந்தது. உழைக்கும் வயதினருக்கு அந்த வசதி இல்லை. ஆனால் இங்கும் விளிம்பு கூர்மையானது. 2022-23இல் தனிநபருக்கான பென்ஷன் கிரெடிட் உத்தரவாதத் தொகை வாரத்துக்கு 182 பவுண்ட் 60 பென்ஸ். முழுமையான புதிய அரச ஓய்வூதியம் 185 பவுண்ட் 15 பென்ஸ். வேறு வருமானமே இல்லாமல், முழு ஓய்வூதியத்தை மட்டும் நம்பியிருந்த ஒருவர், வாரம் இரண்டரைப் பவுண்ட் அதிகம் என்பதற்காக 650 பவுண்டுக்குத் தகுதியற்றவரானார்.

நம் சமூகத்தில் நிலைமை பெரும்பாலும் தலைகீழ். வயது போன பின் இந்நாட்டுக்கு வந்தவர்களுக்கு முழு ஓய்வூதியத்துக்குரிய பங்களிப்பு ஆண்டுகள் இருப்பதில்லை. ஆகவே பலர் தகுதியுடையவர்கள், ஆனால் கோருவதில்லை. நாடு முழுவதும் ஏறத்தாழ 8,50,000 குடும்பங்கள் அப்படிக் கோராமல் இருந்ததாக அன்று அரசே சொன்னது. மகனோடு இருப்பதால் மகனுடைய சம்பளத்தையும் பார்ப்பார்கள் என்று பலர் நம்புகிறார்கள். பென்ஷன் கிரெடிட்டுக்குக் கணவன் மனைவியின் வருமானம்தான் பார்க்கப்படும், வளர்ந்த பிள்ளைகளுடையது அன்று. இதைத் தயவுசெய்து உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்குச் சொல்லுங்கள்.

குடும்பத்தின் அளவைப் பொருட்படுத்தாத ஒரே தொகை என்பதும் குறைதான். தனியாக வாழும் ஒருவருக்கும் நான்கு பிள்ளைகளுள்ள தம்பதிக்கும் அதே 326. அவசரத்தில் எளிமை வேண்டும் என்ற வாதத்தை முதல் ஆண்டுக்கு ஒப்புக்கொள்ளலாம். இரண்டாம் ஆண்டுக்கு அது பொருந்தாது. அதற்குள் பலமாத அவகாசம் இருந்தது, 2023இல் புதிய சட்டமும் இயற்றப்பட்டது. ஆயினும் ஒற்றை மாத அளவுகோலும் ஒரே தொகையும் அப்படியே தொடர்ந்தன.

என் கருத்தில் மாற்று வழி சிக்கலானதன்று. குறித்த தேதிக்கு முந்தைய மூன்று மாதங்களில் எந்த ஒரு மாதத்திலாவது உதவித்தொகை உரித்தாகியிருந்தால் போதும் என்று எழுதியிருக்கலாம். கதவைச் சாத்திய பிறகு அறிவிக்கும் காப்பு அதனால் குலையாது. கணினியிடம் அந்தத் தரவு ஏற்கெனவே இருந்தது. இதனால் உண்மையில் சம்பளம் உயர்ந்து உதவியிலிருந்து வெளியேறிய சிலருக்கும் பணம் போயிருக்கும். போகட்டும். சில மாதங்களுக்கு முன்புவரை யுனிவர்சல் கிரெடிட்டில் இருந்தவர் செல்வந்தராகிவிடவில்லை.

ஓய்வூதியர்களுக்குக் குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் செலவுக்காகக் கொடுக்கும் குளிர்கால எரிபொருள் கொடுப்பனவில் அரசு பின்னர் கற்றுக்கொண்டதும் இதுவே. 2024இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அதைப் பென்ஷன் கிரெடிட் போன்ற உதவிகள் பெறுவோருக்கு மட்டும் என்று சுருக்கினார்கள். எதிர்ப்பு வலுத்ததும் 2025 ஜூனில் பின்வாங்கி, ஓய்வூதியர்களுக்குப் பொதுவாகக் கொடுத்துவிட்டு, ஆண்டு வருமானம் 35,000 பவுண்டுக்கு மேற்பட்டவர்களிடமிருந்து வரி வழியாக மீட்பது என்று மாற்றினார்கள். அங்கும் ஒரு பவுண்ட் கூடினால் முழுத்தொகையும் திரும்பப் போகிறது. ஆனால் அந்த வெட்டு விழுவது தாங்கிக்கொள்ளக்கூடியவர் மீது, அதுவும் ஓராண்டு வருமானம் முழுவதையும் பார்த்த பிறகு. உழைக்கும் வயதினருக்கு அடுத்த நெருக்கடியில் இன்னொரு கொடுப்பனவு வருமானால், ஓய்வூதியர்களுக்குக் காட்டிய அந்த நிதானத்தையே அவர்களுக்கும் காட்ட வேண்டும் என்று உங்கள் தொகுதி எம்பிக்கு எழுதுங்கள். நான்கு வாரச் சம்பளக்காரர்களுக்கான விதித்திருத்தத்தைக் கேட்பதற்கு அந்த நெருக்கடி வரும்வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை.