வாடகைப் பணத்தில் முதல் பங்கு வீட்டுக்கே

குடியிருக்கச் சொந்தமாக ஒரு வீடு, வாடகைக்கு விட்டிருக்கும் இன்னொரு வீடு, இரண்டில் ஒன்றின் மீது இன்னும் முடியாத கடன், படிக்கும் பிள்ளைகள், வயதான பெற்றோர் என்று வாழும் குடும்பங்கள் வெளிப்பார்வைக்கு வசதியானவையாகவே தெரிகின்றன. ஆனால் மாதக் கடைசியில் கைமாற்றுக்குத் தவிப்பவர்களில் இத்தகைய குடும்பங்களும் இருப்பதை நெருக்கத்தில் பார்த்து வருகிறேன். வருமானம் போதாததைவிட, வாடகையை இரண்டாவது சம்பளமாக எண்ணிவிடும் பழக்கமே இதற்குப் பெரிய காரணம் என்பது என் உறுதியான கருத்து. வாடகையாக வரும் தொகையில் அந்த வீட்டுக்குரிய செலவுகள் அனைத்தையும் ஒதுக்கிய பிறகு மீதமிருப்பது எதுவோ அதுதான் குடும்பத்தின் வருமானம். அதற்கு முன்பே அதில் கை வைப்பது, வீட்டிடம் கடன் வாங்கிக் குடும்பம் நடத்துவதற்குச் சமம்.

பெரும்பாலான வீடுகளில் சம்பளம், வாடகை, குடியிருப்பவர் கொடுத்த முன்பணம் ஆகிய எல்லாமே ஒரே வங்கிக் கணக்கில் வந்து விழுகின்றன. கடன் தவணை, பள்ளிக் கட்டணம், மருத்துவச் செலவு, சொத்து வரி எல்லாமே அதே கணக்கிலிருந்து போகின்றன. கணக்கில் இருப்பு நிறையத் தெரிவதால் பயணத்துக்கோ புதிய பொருளுக்கோ மனம் துணிந்துவிடுகிறது. அந்த இருப்பில் பாதி அடுத்தவருக்குத் திருப்பித் தரவேண்டிய பணம் என்பதும், இன்னொரு பகுதி அடுத்த ஆண்டு மேல்தளம் ஒழுகும்போது தேவைப்படப் போகிற பணம் என்பதும் வங்கிச் செயலியில் தெரிவதில்லை. ஆகவே வாடகை வீட்டுக்கென்று தனியாக ஒரு கணக்குத் தொடங்குங்கள் என்பதையே யார் கேட்டாலும் முதலில் சொல்கிறேன். வாடகை அதில் வரட்டும். அந்த வீட்டின் வரி, காப்பீடு, பழுதுச் செலவு, அதன் மீது கடன் இருந்தால் அதற்கான தவணை ஆகியவை அதிலிருந்தே போகட்டும். ஆண்டு முடிவில் அங்கே தங்கியிருப்பதைப் பார்த்த பிறகு, குடும்பத்துக்கு எவ்வளவு எடுக்கலாம் என்று முடிவு செய்யலாம்.

முன்பணத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் உறவு கெடுவதும் வழக்கு வரைக்கும் போவதும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான். முன்பணம் வீட்டுக்காரரின் வருமானமே அல்ல. வட்டி கேட்காத கடன். குடியிருப்பவர் என்றைக்குக் காலி செய்தாலும் அன்றைக்கு முழுத் தொகையும் கையில் இருக்க வேண்டும். ஆனால் நடைமுறையில் என்ன நடக்கிறது? முன்பணம் எப்போதோ செலவாகியிருக்கும்; அடுத்துக் குடிவருபவர் முன்பணம் தந்த பிறகு தருகிறேன் என்று வீட்டுக்காரர் சொல்வார். காலி செய்பவருக்கோ அந்தப் பணம் புதிய வீட்டுக்கு முன்பணமாகக் கட்ட உடனே வேண்டும்.

அந்த நாளைக் கண்ணெதிரே கொண்டுவந்து பாருங்கள். சாமான்கள் எல்லாம் வண்டியில் ஏறிவிட்டன. வெறுமையாகிவிட்ட கூடத்தில் இருவர் நிற்கிறார்கள். ஒருவர் கையில் சாவி, இன்னொருவர் கண் சுவரில். "சார், இந்த ஆணி நாங்கள் வரும்போதே இருந்தது" என்கிறார் காலி செய்பவர். "குளியலறைக் கதவு இப்படி உப்பியிருக்கவில்லையே" என்கிறார் வீட்டுக்காரர். இருவருமே தங்களுக்குத் தெரிந்த உண்மையைச் சொல்லக்கூடும். ஆனால் ஆதாரம் எவரிடமும் இல்லை. கையில் பணமில்லாத வீட்டுக்காரருக்குச் சுவரின் ஒவ்வொரு கீறலும் முன்பணத்தில் பிடித்துக்கொள்ள ஒரு காரணமாகத் தெரியத் தொடங்குவது இந்த நிலையில்தான். முன்பணம் தனிக் கணக்கில் பத்திரமாக இருந்தால் அவருடைய பார்வையே வேறாக இருக்கும். குடிவரும் நாளிலேயே ஒவ்வோர் அறையையும் கைப்பேசியில் படம் எடுத்து, மின் அளவியின் எண்ணையும் குழாய்கள், கதவுகள், பூட்டுகளின் நிலையையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டு வைத்துக்கொண்டால், காலி செய்யும் நாளில் பேச்சு சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

வாழ்ந்த வீட்டில் இயல்பாக ஏற்படும் தேய்மானத்தையும் கவனக்குறைவால் நேர்ந்த சேதத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டியது நியாயத்தின் அடிப்படை. சில ஆண்டுகள் குடியிருந்த சுவரின் வண்ணம் மங்குவது தேய்மானம். அதற்கான செலவை அத்தனை மாதங்களும் வாங்கிய வாடகையே ஏற்றுக்கொள்ள வேண்டும். உடைந்த கண்ணாடியும் எரிந்துபோன சமையலறை மேடையும் சேதம். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து முன்பணத்தில் பிடித்துக்கொள்வதை நான் எந்த வகையிலும் ஏற்க மாட்டேன்.

அடுத்து, வாடகையை எத்தனை மாதத்துக்குக் கணக்கிடுவது என்ற கேள்வி. 12 மாதமும் வாடகை வரும் என்று திட்டமிடும் குடும்பம், ஒரு மாதம் வீடு காலியாக இருந்தாலே தடுமாறிவிடும். ஒரு மாத வாடகை என்பது ஆண்டு வருமானத்தில் 8 சதவீதத்துக்கும் மேல். 11 மாதம் மட்டுமே வரும் என்று வைத்துத் திட்டமிட்டால், காலியாக இல்லாத ஆண்டில் அந்த ஒரு மாத வாடகை பராமரிப்புக்குச் சேர்ந்துவிடும். ஐந்து சதவீதம் கூடுதல் வாடகைக்காக, ஒழுங்காக வாடகை கொடுத்துவந்த ஒருவரைப் போகவிடும் வீட்டுக்காரர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை என்று நினைக்கிறேன். புதியவர் வருவதற்குள் ஒரு மாதம் காலியாக இருந்தால், அந்த இழப்பை ஐந்து சதவீத உயர்வின் மூலம் ஈடுகட்ட 20 மாதங்கள் ஆகும். வண்ணம் பூசும் செலவும் தரகும் அதற்கு மேல். தேதி தவறாமல் வாடகை தந்து, வீட்டைத் தம் வீடுபோல் வைத்திருப்பவர் கிடைத்துவிட்டால், அவரைத் தக்கவைத்துக்கொள்வதே லாபம். அதற்காகப் பல ஆண்டுகள் வாடகையைத் தொடாமல் இருந்துவிட்டு ஒருநாள் திடீரென்று பெருந்தொகையாக உயர்த்துவதும் சரியல்ல. ஆண்டுக்கு இவ்வளவு உயரும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டால் இரு குடும்பங்களும் முன்கூட்டியே திட்டமிட்டுக்கொள்ளலாம்.

பராமரிப்புக்கு ஆண்டுதோறும் வீட்டின் மதிப்பில் ஒரு சதவீதத்தை ஒதுக்க வேண்டும் என்று ஒரு பொது விதி சொல்லப்படுவதுண்டு. தொடங்குவதற்கு அது உதவும். ஆனால் நிலத்தின் விலை மிகுந்த இடத்தில் அந்த ஒரு சதவீதம் தேவைக்கு மீறிப் போய்விடும். மலிவான நிலத்தில் நிற்கும் பழைய வீட்டுக்கு அது போதவே போதாது. நிலம் பழுதாவதில்லை, கட்டடம்தான் பழுதாகிறது. எனவே வீட்டில் எவையெல்லாம் தேய்ந்து மாற்றப்பட வேண்டியவை என்று எழுதி, ஒவ்வொன்றும் இன்னும் எத்தனை ஆண்டு தாங்கும், மாற்ற எவ்வளவு ஆகும் என்று விசாரித்து, அதை மாதங்களால் வகுத்து ஒதுக்குவதே நேர்மையான கணக்கு. வெளிச்சுவர் வண்ணம், மேல்தள நீர்க்காப்பு, தண்ணீர் மோட்டார், நீர்சூடாக்கி, குழாய்கள், மின்கம்பிகள் என்று எழுதத் தொடங்கினால், திடீர்ச் செலவு என்று நாம் சொல்பவற்றில் முக்கால்வாசி எதிர்பார்த்திருக்கக்கூடியவை என்பது தெரியவரும்.

சிறிய பழுதைத் தள்ளிப்போடுவது எவ்வளவு பெரிய செலவில் முடியும் என்பதற்குக் குளியலறைக் கசிவு ஒன்றே போதும். தரை ஓடுகளுக்கு இடையே உள்ள பூச்சு சற்றே பெயர்ந்திருக்கும். பார்த்தால் மயிரிழை அளவுதான். அதன் வழியே இறங்கும் தண்ணீர் கான்கிரீட்டுக்குள் போய் இரும்புக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. துரு, அது உண்டான இரும்பைவிட அதிக இடத்தை அடைப்பதால் உள்ளிருந்தே கான்கிரீட்டைத் தள்ளிப் பிளக்கிறது. கீழ்வீட்டு மேற்கூரையில் முதலில் மஞ்சள் கறை, பிறகு பூச்சு உதிர்தல், பிறகு கம்பி தெரிதல் என்று அது முற்றுகிறது. தொடக்கத்தில் அரை நாள் வேலையாக முடிந்திருக்க வேண்டியது, கடைசியில் ஓடுகளை முழுவதும் பெயர்த்து, மேற்கூரையைச் செப்பனிட்டு, கீழ்வீட்டாருக்கு இழப்பீடும் கொடுக்க வேண்டிய நிலைக்கு வந்து நிற்கும். வாடகைக்குக் குடியிருப்பவர் கசிவைப் பற்றிச் சொல்ல வந்தால், அதைத் தொல்லையாக நினைக்காமல் நன்றியோடு கேட்டுக்கொள்ளுங்கள். அவர் சொல்லத் தயங்கும் சூழலை நாமே உண்டாக்கினால் நட்டப்படுவதும் நாமே.

கடனைப் பொறுத்தவரை, மாதத் தவணை எவ்வளவு என்பது மட்டும் தெரிந்திருந்தால் போதாது. 9 சதவீத வட்டியில் 20 ஆண்டுகளுக்கு 100 பங்கு கடன் வாங்கினால், மொத்தமாகத் திருப்பிக் கட்டுவது ஏறத்தாழ 216 பங்கு. முதல் தவணையில் 83 சதவீதம் வட்டிக்கே போய்விடும். அசலில் பாதி குறைவதற்குச் சுமார் 14 ஆண்டுகள் ஆகும். பத்தாண்டு கட்டிவிட்டோம், பாதிக்கடன் தீர்ந்திருக்கும் என்று நம்பியிருக்கும் குடும்பத்துக்கு இது கசப்பான செய்திதான். ஆனால் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி.

வட்டி விகிதம் மாறக்கூடிய கடனாக இருந்தால் இன்னும் கூடுதல் கவனம் தேவை. மேலே சொன்ன கடனில் தொடக்கத்திலேயே வட்டி 10 சதவீதமாக உயர்ந்து, தவணைத் தொகை மாறாமல் இருந்தால், கடன் முடிவதற்கு 20 ஆண்டுகளுக்குப் பதிலாக 26 ஆண்டுகள் ஆகும். 11 சதவீதமாக உயர்ந்தால் அதே தவணை வட்டிக்கே போதாது. அசல் குறைவதற்குப் பதிலாக ஏறத் தொடங்கிவிடும். இது வெறும் கற்பனைக் கணக்கன்று. 2022 மார்ச்சில் பூஜ்யத்தை ஒட்டியிருந்த அமெரிக்க மத்திய வங்கியின் வட்டி விகிதம் 2023 ஜூலையில் 5.25 முதல் 5.50 சதவீதம் வரை போய்விட்டது. இந்திய ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் குறுகிய காலக் கடன் கொடுக்கும் வட்டியான ரெப்போ விகிதம் 2022 மே மாதத்துக்கும் 2023 பிப்ரவரிக்கும் இடையே 4 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதமாக ஏறியது. தவணை மாறவில்லையே என்று நிம்மதியாக இருந்தவர்களில் பலருக்குக் கடன் காலம் நீண்டது மிகத் தாமதமாகவே தெரியவந்தது. ஆண்டுக்கு ஒருமுறையாவது கடன் அறிக்கையை வாங்கி, நிலுவை அசலும் மீதமுள்ள மாதங்களும் எவ்வளவு என்று பாருங்கள். ஆண்டுக்கு ஒரு தவணை கூடுதலாகக் கட்ட முடிந்தால், 9 சதவீதக் கணக்கில் மூன்று ஆண்டுகளுக்கும் மேல் குறையும். ஆனால் சில மாதச் செலவுக்கான கையிருப்பைச் சேர்த்த பிறகே அதைச் செய்ய வேண்டும், ஏனெனில் கடனில் கட்டிய பணத்தை அவசரத்துக்குத் திரும்ப எடுப்பது எளிதல்ல. கடன் அட்டையில் நிலுவை இருந்தால் அதை அடைப்பது எல்லாவற்றுக்கும் முந்தியது.

"கடனில் ஒரு வீடு வாங்கிப் போடுங்கள், வரும் வாடகையே தவணையைக் கட்டிவிடும்" என்ற அறிவுரையை நான் எப்போதும் மறுத்தே பேசுகிறேன். விலையில் 80 சதவீதத்தை மேலே சொன்ன வட்டிக்குக் கடன் வாங்கினால், மாதத் தவணை வீட்டு விலையில் 0.72 சதவீதம் ஆகும். ஆண்டு வாடகை விலையில் 3 சதவீதமாக இருக்கும் இடத்தில், மாத வாடகை 0.25 சதவீதம்தான். வாடகை தவணையில் மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டுகிறது. மீதியைச் சம்பளம்தான் சுமக்க வேண்டும். வாடகை 6 சதவீதம் கிடைக்கும் இடத்திலும், வரியையும் பழுதையும் காலி மாதத்தையும் கழிப்பதற்கு முன்பே பற்றாக்குறை இருக்கும். வீட்டின் விலை உயரும் என்பது உண்மையாகவே இருக்கட்டும், ஆனால் உயர்ந்த விலையைக் கொண்டு இந்த மாதத் தவணையைக் கட்ட முடியாது. அந்தப் பற்றாக்குறையைப் பல ஆண்டுகளுக்குக் குடும்பம் தாங்குமா என்று கேட்டுவிட்டு வாங்குகிறவர்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை.

இந்தக் கணக்குகளை வீட்டில் ஒருவர் மட்டும் அறிந்திருப்பது எவ்வளவு திறமையாக நடந்தாலும் ஆபத்தானது என்பதையும் சொல்லியாக வேண்டும். கணவர் கடனைப் பார்த்துக்கொள்வார், மனைவி வீட்டுச் செலவைப் பார்த்துக்கொள்வார் என்ற பிரிவினையில், பள்ளிக் கட்டணமும் சொத்து வரியும் ஒரே மாதத்தில் வரப்போவதை இருவரில் ஒருவர்கூட முழுமையாகக் காண்பதில்லை. மாதத்தில் ஒருநாள் இருவரும் உட்கார்ந்து, அடுத்த மூன்று மாதங்களில் எந்தெந்தப் பணம் எப்போது போகவேண்டும் என்று பேசிக்கொள்வது சச்சரவைக் குறைக்கிறது. வளர்ந்த பிள்ளைகளும் அதில் உட்காரலாம். உறவினருக்கே வீட்டை வாடகைக்கு விட்டாலும் ஒப்பந்தம் எழுதியே ஆகவேண்டும். தம்பியிடம் எப்படிக் கையெழுத்துக் கேட்பது என்று கூச்சப்பட்டவர்கள் பிறகு தம்பியிடம் வாடகையும் கேட்க முடியாமல், காலி செய்யவும் சொல்ல முடியாமல் இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

கடன் முடிவதற்குள் சம்பாதிப்பவருக்கு ஏதேனும் நேர்ந்தால் தவணை யார் தலையில் விழும் என்பது பலர் பேசவே விரும்பாத விஷயம். நிலுவைக் கடனுக்குக் குறையாத தொகைக்கு ஆயுள் காப்பீடு இருக்கிறதா, வங்கிக் கணக்கிலும் காப்பீட்டிலும் நியமனதாரர் பெயர் இன்றைய நிலைக்குச் சரியாக இருக்கிறதா, பத்திரம், வரி ரசீது, கடன் ஒப்பந்தம், வாடகை ஒப்பந்தம், முன்பணம் வாங்கியதற்கான சான்று ஆகியவை எங்கே இருக்கின்றன என்று வீட்டில் இன்னொருவருக்காவது தெரியுமா என்பதை இந்த வாரத்திலேயே பார்த்துவிடுங்கள். முன்பணம் எவ்வளவு, யாருடையது, எந்தக் கணக்கில் இருக்கிறது என்பதையும் அந்தத் தாள்களோடு சேர்த்து எழுதி வையுங்கள். அது உங்கள் வாரிசுகள் திருப்பித் தரவேண்டிய பணம்.